நியூயார்க்கின் பழைய ஸ்லைஸ் கடைகள்: எப்படிக் கேட்பது, எதைச் சாப்பிடுவது?

பயணப்பை:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் நியூயார்க்கில் முழுதாக இரண்டு நாள் கிடைக்கிறது. தங்குவது பென் ஸ்டேஷன் பக்கத்தில். மேசை விரிப்பும் மெனு அட்டையும் உள்ள இத்தாலிய உணவகங்கள் வேண்டாம். கவுன்டரில் காசு கொடுத்து, காகிதத் தட்டில் வாங்கி, நின்றபடியே சாப்பிடும் பழைய பீட்சா கடைகளில் ஒவ்வொரு ஸ்லைஸாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும். வருவது இருவர், அதில் ஒருவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

கடையில் எப்படிக் கேட்பது? எவ்வளவு ஆகும்? கண்ணாடிக்குப் பின்னால் ஆறிக் கிடப்பதைத்தான் சூடு பண்ணித் தருகிறார்கள் என்கிறார்களே, அதை ஏற்பதா, புதிதாக வரும்வரை காத்திருப்பதா? எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்?

மாவுக்கை:

கேட்பதிலிருந்து தொடங்குகிறேன், முதல் தடவை போகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். "ஸ்லைஸ்" என்று மட்டும் சொன்னால் சாஸும் சீஸும் மட்டும் உள்ள சாதா துண்டு. அதையே "ரெகுலர்" என்றும் "ப்ளெயின்" என்றும் சொல்வார்கள். முழு வட்டத்துக்குப் பெயர் "பை". "ஒன் பீட்சா" என்று கேட்டால் முழுசா துண்டா என்ற குழப்பம் வரும், பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். "டூ ரெகுலர், ஃபார் ஹியர்" போதும். எடுத்துப் போவதென்றால் "டு கோ". உங்கள் முறை வருவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். கவுன்டருக்கு வந்தபின் எது நன்றாக இருக்கும் என்று விசாரிக்கும் பழக்கம் அங்கே இல்லை.

அளவு தெரியாமல் பலர் முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். வழக்கமான பை 18 அங்குலம், எட்டுத் துண்டு. ஒரு துண்டு 9 அங்குல நீளம், விளிம்பில் 7 அங்குல அகலம் வரும். பரப்பளவில் கணக்குப் போட்டால், 12 அங்குல முழு பீட்சா ஒன்றில் கால் பங்குக்கும் மேல். நாளுக்கு நாலு கடை பார்ப்பதானால் கடைக்கு ஒரு துண்டு வாங்கி இருவரும் பகிருங்கள். நீளவாக்கில் வெட்டித் தரச் சொல்லுங்கள். குறுக்கே வெட்டினால் ஒருவருக்கு நுனி, இன்னொருவருக்கு விளிம்பு என்று போய்விடும், இருவருக்கும் முழு ருசி தெரியாது.

முதல் துண்டு எப்போதும் ரெகுலராக இருக்கட்டும். மாவு, தக்காளி, சீஸ், சூடு, இந்த நாலில் எது சரியில்லை என்றாலும் அதில் மறைக்க இடமில்லை. காளானும் குடைமிளகாயும் போட்ட துண்டில் எல்லாம் மூடிப் போகும். பல கடைகளில் அந்தக் காய்களை வெந்த சாதா துண்டின் மேல் பிறகுதான் தூவி அடுப்பில் தள்ளுகிறார்கள். இரண்டு நிமிடச் சூட்டில் காய் வேகாது. காளான் தண்ணீர் விட்டு அடியைச் சொதசொதவென்று ஆக்கிவிடும்.

நல்ல துண்டை எப்படி அறிவது? கையில் வாங்கியதும் அடியைத் தூக்கிப் பாருங்கள். ஒரே சீரான பழுப்பு, ஆங்காங்கே கரும்புள்ளி, அப்படியென்றால் கல் தளத்தில் நேராக வெந்தது. அடி வெளுத்திருந்தால் அடுப்பு சூடேறுமுன் உள்ளே வைத்திருக்கிறார்கள். சல்லடைக் கட்டம் பதிந்திருந்தால் கம்பி வலை மேல் வைத்துச் சுட்டது. அடி அவ்வளவு மொறுமொறுக்காது. கடித்த இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். சாஸுக்கு அடியில் பசை போல வெள்ளைக் கோடு தெரிந்தால் மாவு முழுதாக வேகவில்லை. சாஸ் அளவுக்கு மேல் போட்டாலும், குளிர்ந்த மாவை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் விரித்தாலும் அந்தக் கோடு வரும்.

செலவு: சாதா துண்டு பெரும்பாலும் 3 முதல் 4.50 டாலர். சதுரத் துண்டுகள் அதற்கு மேல். நகரின் விற்பனை வரி 8.875 சதவீதம். சில கடைகள் பலகை விலையிலேயே சேர்த்திருக்கும், சில கடைகள் கடைசியில் கூட்டும். 3.50 டாலர் துண்டுக்கு வரி சேர்த்தால் 3.81. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் முதல் நகரில் எந்த உணவுக் கடையும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சட்டம். கார்டை மறுக்க அப்படித் தடை இல்லை, சில பழைய கடைகள் வாங்குவதும் இல்லை. 20 டாலருக்கு மேற்பட்ட தாளை நீட்டாதீர்கள். கார்டுக் கருவி 18, 20 சதவீத டிப்ஸ் கேட்கும். கவுன்டரில் அது கட்டாயமில்லை; ஜாடியில் சில்லறையோ ஒரு டாலரோ போட்டால் போதும்.

அடுப்படி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் சூடு பண்ணும் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. பழையதைச் சூடாக்கித் தருகிறார்கள் என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். ஸ்லைஸ் கடையின் தொழிலே அந்த இரண்டாவது சூட்டில்தான் நிற்கிறது.

1905இல் ஸ்பிரிங் தெருவில் தொடங்கிய லொம்பார்டிஸ், 1929இன் ஜான்ஸ் ஆஃப் ப்ளீக்கர் போன்றவை நிலக்கரி அடுப்புக் கடைகள். அந்த அடுப்பு 430 டிகிரி செல்சியஸையும் தாண்டும், பை சில நிமிடங்களில் வெந்துவிடும். விளிம்பு ஊதி, நடுவில் ஈரம் நிற்கும். உடனே சாப்பிட அருமை, ஆறினால் தொய்ந்துபோகும். அதனால் இவ்விரு கடைகளிலும் முழு பை மட்டும்தான். ஜான்ஸ் வாசலில் "ஸ்லைஸ் இல்லை" என்றே எழுதியிருக்கும், வரிசையில் நின்று ஏமாறாதீர்கள். நிலக்கரி அடுப்பில் வெந்ததைத் துண்டாக வாங்க விரும்பினால் ஈஸ்ட் ஹார்லெமில் 1933இல் தொடங்கிய பேட்சிஸ் இருக்கிறது. முதல் அவென்யூவில், 118ஆம் தெருப் பக்கம்.

இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் எரிவாயுவில் எரியும், தட்டையான தளம் கொண்ட அடுப்புகள் பரவின. சூடு 260 முதல் 315 டிகிரி வரை. பை ஆறு முதல் எட்டு நிமிடம் உள்ளே கிடக்கும். மெதுவாக வேகும்போது மாவின் ஈரம் கூடுதலாக வெளியேறுகிறது, அடி கெட்டிப்படுகிறது. அந்த மாதிரி பையைத்தான் வெளியே வைத்து, கேட்டவருக்குக் கேட்டபோது ஒரு துண்டை மறுபடி உள்ளே தள்ளிக் கொடுக்க முடியும். அதற்கேற்ற சீஸ், ஈரம் குறைந்த முழுக்கொழுப்பு மொசரெல்லா. தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லாவை இரண்டு தடவை சுட்டால் நீர் கக்கி ரப்பராகும். மாவில் புரதம் 13, 14 சதவீதம். பிசைந்ததை ஓரிரு நாள் குளிரில் புளிக்க விடுகிறார்கள், ருசியின் பெரும்பகுதி அங்கே உருவாகிறது. நியூயார்க் தண்ணீர்தான் ரகசியம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மாவுக்கும் புளிப்புக்கும் அடுத்துத்தான் நான் தண்ணீரை வைப்பேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கண் எதிரே புதுப் பை வெளியே வந்தால், "ஃப்ரம் த ஃப்ரெஷ் பை" என்று கேட்டு, சூடாக்காமல் அப்படியே வாங்குங்கள். சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும், இரண்டு நிமிடம் பொறுக்காவிட்டால் மேலண்ணம் புண்ணாகும், சீஸும் மொத்தமாக வழுக்கி வந்துவிடும். புதுப் பை இல்லையென்றால், பாதிக்கு மேல் விற்றுத் தீர்ந்த பையிலிருந்து ஒரு துண்டைச் சூடாக்கச் சொல்லுங்கள். அது வேகமாகப் போகிறது என்று பொருள். ஒரே ஒரு துண்டு மட்டும் எடுக்கப்பட்டு, சீஸ் மேல் மங்கலாக உலர்ந்து, ஓரத்தில் சுருங்கியிருக்கும் பை நெடுநேரம் காத்திருந்தது. சூடாக்க ஒன்றிலிருந்து மூன்று நிமிடம். "வெல் டன்" என்றால் இன்னும் கொஞ்சம் விடுவார்கள், அடி நன்றாக மொறுமொறுக்கும். மைக்ரோவேவ் வைத்திருக்கும் கடையானால் வேறு கடை பாருங்கள்.

நேரமும் முக்கியம். பகல் 12 முதல் 2 வரை, பிற்பகலில் பள்ளி விடும் நேரம், இரவு மதுக்கூடங்கள் கலையும் நேரம், இந்த வேளைகளில் பை அடுப்பிலிருந்து வந்த வேகத்தில் தீரும். 3.30க்குப் பிறகான மந்தமான நேரத்தில் கிடைக்கும் துண்டை வைத்து ஒரு கடையை எடை போடுவது நியாயமில்லை.

இனி மடிப்பு. கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம். விளிம்பின் நடுவில் சுட்டுவிரலை அழுத்தி, இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் மேலே தூக்குங்கள். துண்டு நீளவாக்கில் ஓடம் போல வளையும், நுனி தொங்காமல் நிமிரும். காரணம் வடிவியல். ஒரு தட்டையான தாளை ஒரு திசையில் வளைத்துவிட்டால், கிழியாமலோ இழுபடாமலோ மறு திசையில் அது வளைய முடியாது. கணிதவியலாளர் கார்ல் ஃபிரீட்ரிஷ் கௌஸ் 1827இல் நிறுவிய தேற்றத்தின் விளைவு இது. தகரக் கூரை நெளிநெளியாக இருப்பதும் இதற்காகத்தான். சாப்பிடும்போது உடம்பை முன்னால் சாயுங்கள். மடிப்பில் சேரும் ஆரஞ்சு நிற எண்ணெய் நுனி வழியாகத் தட்டில் சொட்டட்டும், சட்டையில் வேண்டாம். மடித்தபோது அடி பட்டென்று வெடித்தால் வறண்டுவிட்டது. மெல்லிய விரிசல் சத்தம் கேட்டு, ஆனால் பிளக்காமல் வளைந்தால் அதுதான் சரியான பதம்.

பச்சைத்தட்டு:

சைவத்துக்கு நான் சொல்றேன், ஏன்னா மேலோட்டமா "சீஸ் ஸ்லைஸ்தானே" என்று விட்டுடக் கூடாது.

மாவில் முட்டை, பால் வழக்கமா கிடையாது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், சில கடையில் எண்ணெயும் சர்க்கரையும். சாஸ் பெரும்பாலும் வேகவைக்காத தக்காளிக் கூழ்தான். முட்டை வர்ற இடம் கத்தரிக்காய் ஸ்லைஸ். கத்தரிக்காயை முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பாங்க. பெயர் காய்கறி என்று இருக்கிறதை நம்பி வாங்கிடாதீங்க.

அடுத்தது ரென்னட், அதாவது சீஸ் செய்யப் பாலைத் திரிய வைக்கிற பொருள். மேலே தூவுற சீஸ்களில் பெக்கரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட், பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றுக்குட்டி ரென்னட். இரண்டுக்கும் விதியே அப்படி. பல கடைகள் இதைச் சாஸிலோ மொசரெல்லா மேலயோ முன்னாலயே தூவிடும், கவுன்டரில் இருக்கிற குப்பியை மட்டும் தவிர்த்தா போதாது. மொசரெல்லா செய்ய நுண்ணுயிர் ரென்னட் பயன்படுத்துறதும் உண்டு, ஆனா பிராண்டைப் பொறுத்தது. உங்க கூட வர்றவர் இதைப் பார்க்கிறவரா என்று முதலில் அவரிடமே கேட்டுக்கோங்க. பார்ப்பவர் என்றால் சீஸே இல்லாத "மரினாரா" ஸ்லைஸ் சில கடைகளில் கிடைக்கும்.

மூணாவது, வெட்டுற சக்கரம். பெப்பரோனியை வெட்டின அதே சக்கரம்தான் சீஸ் பையையும் வெட்டும், பெப்பரோனி என்றால் பன்றியும் மாடும் கலந்த தொத்திறைச்சி. துண்டா வாங்கும்போது இதைக் கட்டுப்படுத்தவே முடியாது. இது ஒத்துக்காது என்றால் கோஷர் பீட்சா கடைகளுக்குப் போங்க. யூத விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, அதனால் சீஸ் பீட்சா விற்கிற கோஷர் கடையில் இறைச்சியே நுழையாது. மீன் மட்டும் இருக்கலாம், டூனா போட்டது உண்டு. புரூக்ளினில் மிட்வுட் பக்கம் நிறைய. வெள்ளி சூரியன் மறையுமுன் மூடி, சனி இரவுதான் திறப்பாங்க.

ஹலால் என்று ஒட்டின கடைகளில் பெப்பரோனி மாட்டிறைச்சி. பன்றி மட்டும் வேண்டாம் என்பவங்களுக்கு அது உதவும், சைவத்துக்கு உதவாது.

சைவத்தில் ருசிக்க வேண்டியவை: "ஒயிட்", அதாவது தக்காளி இல்லாம ரிகோட்டா என்கிற மெத்தென்ற சீஸ், மொசரெல்லா, பூண்டு. "கிராண்ட்மா", சதுரத் தட்டில் எண்ணெய் விட்டு மெல்லிசா சுட்டது, பூண்டு தூக்கலா இருக்கும். சிசிலியன் தடிப்பா, ரொட்டி மாதிரி உப்பி இருக்கும், அடி எண்ணெயில் பொரிஞ்ச மாதிரி. கவுன்டரில் மிளகாய்த் துகள், ஒரிகானோ, பூண்டுத்தூள் குப்பிகள் இருக்கும். முதல் கடி எதுவும் தூவாம சாப்பிடுங்க, அப்புறம் பாதித் துண்டுக்குத் தூவுங்க. துண்டு சூடா இருக்கும்போதே போட்டாத்தான் ஒரிகானோ வாசம் எழும்பும்.

கியூ லைன்:

வழி சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கு. 2026 ஜனவரி முதல் சப்வே, அதாவது நகரின் சுரங்க ரயில், கட்டணம் 3 டாலர். ஸ்லைஸ் விலையும் சப்வே கட்டணமும் சேர்ந்தே ஏறும் என்று 1980இலேயே நியூயார்க்கில் பேச்சு இருந்தது, இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்து மறுபடி ரயில் ஏறினால் மறுபடி 3 டாலர். அதனால் கடைகளை ஒரே கோட்டில் கோத்து, நடக்கக்கூடியதை நடந்துவிடுங்கள்.

முதல் நாள் மன்ஹாட்டன். தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே எட்டாம் அவென்யூவும் 31ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் 1964 முதல் இருக்கும் என்.ஒய். பீட்சா சுப்ரீமா. 11.30க்குப் போங்கள், மதியக் கூட்டத்துக்கான பைகள் அப்போதுதான் வெளிவரும். ரெகுலர் ஒன்று. சாஸ் மேலேயும் சீஸ் கீழேயும் உள்ள "அப்சைட் டவுன்" சதுரத்தையும் ஒன்று பகிரலாம். பிறகு ஏ, சி, இ ரயில்களில் எதிலாவது ஏறி வெஸ்ட் 4ஆம் தெரு. வெளியே வந்தால் சில நிமிட நடையில் கார்மைன் தெருவில் ஜோஸ், 1975 முதல். மெல்லிய, சமநிலையான ரெகுலர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டும் அளவுகோல் அதுதான். அங்கிருந்து கிழக்கே இருபது நிமிடம் போல நடந்தால் பிரின்ஸ் தெருவில் பிரின்ஸ் ஸ்ட்ரீட் பீட்சா. பெப்பரோனி சதுரத்துக்குப் பேர் பெற்றது, எனவே வரிசை நீளம். சைவ நண்பருக்காக நிற்பதானால் சீஸ் சதுரமும் உண்டு. இன்னும் பசி இருந்தால் ஆர்ச்சர்ட் தெருவில் ஸ்கார்ஸ். மாவைத் தாங்களே அரைக்கிற கடை.

இரண்டாம் நாள் புரூக்ளின். கியூ (Q) ரயிலில் அவென்யூ ஜே நிலையம். நிலையத்துக்கு எதிரே டி ஃபாரா, 1965இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் தானே ஒவ்வொரு பையையும் சுட்டு, துளசி போன்ற பேசில் இலையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தூவிய டாம் டிமார்கோ 2022இல் காலமானார்; குடும்பத்தார் நடத்துகிறார்கள். விலை மற்ற இடங்களைவிடக் கூடுதல், எண்ணெயும் தாராளம், மடித்தால் நிச்சயம் சொட்டும். பிறகு அதே கியூவில் கடைசி நிறுத்தம் கோனி ஐலண்ட். கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தால் வயிற்றில் இடம் உண்டாகும். திரும்பும்போது டி ரயில், இரண்டாவது நிறுத்தம் 25ஆம் அவென்யூ. அங்கே எல் அண்ட் பி ஸ்புமோனி கார்டன்ஸ், 1939 முதல். உள்ளே உட்காரும் உணவகப் பகுதி வேறு, வெளியே துண்டு விற்கும் சன்னல் வேறு, சன்னலுக்குப் போங்கள். சீஸ் அடியில், சாஸ் மேலே, தடித்த சதுரம். நடுத்துண்டு மெத்தென்று இருக்கும், மூலைத்துண்டில் இரண்டு பக்கம் முறுகல். மூலை வேண்டுமானால் "கார்னர்" என்று கேட்க வேண்டும், தானாகக் கிடைக்காது. வந்த டி ரயிலே 34ஆம் தெரு ஹெரால்ட் ஸ்கொயர் வரை போகும், அங்கிருந்து பென் ஸ்டேஷன் நடை.

புறப்படுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். வார இறுதியில் தண்டவாள வேலைக்காக ரயில் பாதைகள் மாறும். கடைகளின் விடுமுறை நாளும் மாறும். இன்னொன்று: 20 இருக்கைக்குக் குறைவான கடைகள் வாடிக்கையாளருக்குக் கழிப்பறை வைக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருக்காது. அறையிலேயே போய்விட்டு வாருங்கள்.

பயணப்பை:

அனைவருக்கும் நன்றி. ரென்னட் பார்க்க வேண்டாம், முட்டையும் இறைச்சியும் மட்டும்தான் தவிர்ப்பு என்கிறார் உடன் வருபவர். இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு டாலர் ஸ்லைஸ் என்று கேள்விப்பட்டேன், அது சாப்பிடத் தகுந்ததா? மிச்சத்தை அறைக்கு எடுத்துப் போனால் மறுநாள் எப்படிச் சூடாக்குவது?

மாவுக்கை:

ஒரு டாலர் இப்போது பெரும்பாலும் ஒன்றரை டாலர். சீஸ் குறைவு, சாஸ் இனிப்பாக இருக்கும், மாவு புளிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஆனால் கூட்டம் ஓயாத கடையில் எப்போதும் அடுப்பிலிருந்து நேராக வரும் துண்டு கிடைக்கும், அந்தச் சூட்டில் நன்றாகவே இருக்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் அட்டை. இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் வாங்குங்கள், பழைய கடைகளோடு ஒப்பிட வேண்டாம். எந்தக் கடையானாலும் வாசலில் சுகாதாரத் துறையின் எழுத்து ஒட்டியிருக்கும். சோதனையில் குறைப் புள்ளி 13க்குள் என்றால் ஏ, 27 வரை பி, அதற்கு மேல் சி.

அடுப்படி:

மிச்சத்துக்கு: சூட்டோடு உறையில் போட்டு மூடாதீர்கள், ஆவி அடியை ஊறவைத்துவிடும். ஐந்து நிமிடம் திறந்து வைத்து, பிறகு காகிதப் பையில் போடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் குளிர்பெட்டியில் சேருங்கள். அறையில் சமையல் வசதி இருந்தால், எண்ணெய் விடாத வாணலியில் மிதமான சூட்டுக்கும் குறைவாக மூன்று நிமிடம் அடியை முறுக விட்டு, துண்டின் மேல் படாமல் வாணலியின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். அந்த ஆவியில் ஒரு நிமிடத்தில் சீஸ் இளகும். மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது என்றால் சூடாக்காமல் அப்படியே குளிராகச் சாப்பிடுங்கள். விளிம்பு தோல் போல இழுபடுவதைவிட அது எவ்வளவோ மேல்.